தீனி குருவிக்கா, கெமராவுக்கா?

வல்ல இறைவனின் படைப்புகளில் பறவைகளுக்குத் தனியான ஓர் அழகு உண்டு. தலைக்கு மேலே சிறகுகளை விரித்தும் மடக்கியும் பறந்து செல்லும் பறவைகளைப் பார்த்துச் சிந்திக்குமாறு அல்குர்ஆனின் சூரா அல்முல்க் நம்மை அழைக்கின்றது. பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று சூரா அல்அன்ஆம் கூறுகின்றது. நபி சுலைமான் (அலை) அவர்களிடம் சபா நாட்டின் செய்தியைக் கொண்டுவந்தது ஹுத்ஹுத் என்ற ஒரு சிறிய பறவை என்பதை நாம் அனைவரும் சிறு வயதிலேயே மத்ரஸாவில் படித்திருக்கின்றோம்.

பார்த்துச் சிந்திக்கச் சொல்லப்பட்டதை இன்று நாம் படம் எடுக்கின்றோம். கையில் தொலைபேசி இருக்கும் எவரும் புகைப்படக் கலைஞராகிவிட்ட காலம் இது. ஆனால் பறவை நமக்காக நின்று காட்சி தராது. ஆகவே அதனை அருகில் வரவழைக்கப் பலரும் கையாளும் வழி உணவு வைப்பதாகும். இது சரியா, பிழையா? சரியென்றால் எப்படிச் செய்ய வேண்டும்? இக்கேள்விகள் எனக்குப் பாடப் புத்தகத்தில் இருந்து வரவில்லை. எங்கள் வீட்டுப் பல்கனியில், நான் செய்த ஒரு தவறில் இருந்து வந்தன. அதனால் அதிலிருந்தே தொடங்குகின்றேன்.

பல்கனியில் ஒரு கூடு

நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் வசிக்கின்றோம். சென்ற வருடம் எங்கள் பல்கனியில் உடுப்புக் காயப்போடும் கம்பியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. சிலந்தி வலை, நார், காய்ந்த இலைத் துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டு பின்னப்பட்ட, ஒரு சிறிய பை போலத் தொங்கும் கூடு. பக்கவாட்டில் ஒரு வாசல். வாசலுக்கு மேலே மழை உள்ளே விழாதபடி ஒரு சிறு தாழ்வாரம். உம்மா அன்றிலிருந்து அந்தக் கம்பியில் உடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டார். கூட்டினுள் இரண்டு முட்டைகள் இருந்தன.

எனக்கு அந்தக் குருவியைப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரே ஆசை. நானாவின் பழைய கெமராவை எடுத்துக்கொண்டு மூன்று நாட்கள் முயன்றேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்து, கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். கிடைத்ததெல்லாம் மங்கலான ஒரு நிழல் மட்டுமே. உணவு வைத்தால் பறவைகள் வந்து நிற்கும் என்று எங்கோ வாசித்த ஞாபகம். போத்தல் மூடியில் சீனித் தண்ணீர் வைத்தேன். வேறு குருவிகளும் வரட்டும் என்று மிஞ்சிய சோற்றையும் பாண் துண்டுகளையும் பல்கனிக் கட்டில் பரப்பினேன். கூடு கெமராவுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று அதை மறைத்துக்கொண்டிருந்த பூச்சாடிக் கொடியின் இலைகளையும் வெட்டிவிட்டேன்.

சீனித் தண்ணீருக்கு எறும்புகள் வந்தன. சோற்றுக்குக் காகங்கள் வந்தன. முதல் நாள் இரண்டு, மறுநாள் ஏழு. நான்காம் நாள் காலை சுபஹ் தொழுதுவிட்டுப் பல்கனிக் கதவைத் திறந்தேன். கூடு கிழிந்து தொங்கியது. முட்டைகள் இல்லை. பெண் குருவி கம்பியின் இந்த முனையில் இருந்து அந்த முனைக்கும், அங்கிருந்து இங்கும் பறந்து பறந்து கத்திக்கொண்டிருந்தது.

அப்போது எங்களோடு தங்கியிருந்த உம்மும்மா என்னை ஏசவில்லை. கிழிந்த கூட்டைப் பார்த்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டார்.

"மகள், நீ தீனி வெச்சது குருவிக்கா, ஒன்ட கெமராவுக்கா?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஒரு பயணத்தின்போது தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டதையும், தாய்ப் பறவை தவித்துச் சிறகடித்ததையும், அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுமாறு பணித்ததையும் கூறும் அபூதாவூத் கிரந்தத்தின் ஹதீஸை நான் அறிந்திருந்தேன். அறிந்திருந்தும் என்ன பயன்? திருப்பிக் கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

என்ன நடந்தது?

பிறகுதான் நான் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். கொழும்பில் எங்கே எறியப்பட்ட உணவு இருக்கின்றதோ அங்கே முதலில் வருவது காகம். காகம் மிகுந்த அறிவுள்ள பறவை. ஒரு தடவை உணவு கிடைத்த இடத்தை அது மறப்பதில்லை. வந்த இடத்தில் சுற்றுமுற்றும் பார்க்கும். மற்றப் பறவைகளின் முட்டையும் குஞ்சும் அதற்கு உணவு. அதற்காகக் காகத்தைக் குறை கூற முடியாது. அது தன் இயல்பின்படி நடந்தது. அதற்கு விருந்து வைத்து அழைத்தவளும், கூட்டை மறைத்திருந்த இலைகளை வெட்டியவளும் நான்தான்.

இதிலிருந்து முதற் பாடத்தைக் கற்றுக்கொண்டேன். நாம் ஒரு பறவையை நினைத்து உணவு வைக்கின்றோம்; ஆனால் யார் வருவது என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டுக்கு எதிரே கூரையில் தினமும் பாண் போடுவார்கள். அங்கே மாடப்புறாக்களும் காகங்களும் மட்டுமே வருகின்றன. இரவில் மிச்சத்தைத் தின்ன எலிகள் வருகின்றன. கொண்டைக்குருவி ஒன்றைக்கூட நான் அங்கே கண்டதில்லை.

இரண்டாவது பாடம் நோய் பற்றியது. இயற்கையில் பறவைகள் பரந்து திரிந்து உண்கின்றன. ஒரே தட்டில் நாளாந்தம் உணவு வைக்கும்போது பல பறவைகள் ஒரே இடத்தில் எச்சமிட்டு, அலகை வைத்து, நெருங்கி உண்கின்றன. 1994இல் அமெரிக்காவில் வீட்டுப் பிஞ்சு என்ற குருவிகளின் கண்களை வீங்கச் செய்து குருடாக்கும் ஒரு நோய் கண்டறியப்பட்டது. உணவுத் தட்டுகளில் கூடும் பறவைகளிடையே அது வேகமாகப் பரவியது. 2005ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவில் பச்சைப் பிஞ்சுகளின் தொண்டையில் ஓர் ஒட்டுண்ணி நோய் தோன்றி, உணவை விழுங்க முடியாமல் அவை பெருந்தொகையாக இறந்தன. அந்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் சாதாரணமாகக் காணப்பட்ட அப்பறவை இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. அங்கே உணவு வைத்தவர்கள் எல்லாரும் பறவைகளை நேசித்தவர்கள்தாம். நேசம் மட்டும் போதாது. தட்டைக் கழுவவும் வேண்டும்.

மூன்றாவது பாடம் பழக்கம் பற்றியது. பழைய டில்லியில் நம் சமூகத்தவர்கள் ஸதக்காவாகப் பருந்துகளுக்கு இறைச்சித் துண்டுகளை வீசும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. டில்லியில் கரும்பருந்துகள் மிக அதிகமாகக் கூடு கட்டி வாழ்வதற்கு இவ்வழக்கமும் நகரத்துக் குப்பையும் முக்கிய காரணங்கள் என ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். அதேவேளை, இத்தகைய உணவு அதிகம் கிடைக்கும் பகுதிகளில் கூடு கட்டும் பருந்துகள், கூட்டை நெருங்கும் மனிதர்களை அதிகத் துணிவுடன் தாக்குவதாக 2018இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகின்றது. மனிதனைக் கண்டு அஞ்சாத பறவை படம் எடுக்க வசதியானது. ஆனால் அந்த அச்சம் அதற்கு ஒரு பாதுகாப்பு. அதை நாம் எடுத்துவிட்டால் பதிலுக்கு என்ன கொடுக்கப் போகின்றோம்?

அதே டில்லியில் நதீம் ஷஹ்ஸாத், முஹம்மத் ஸவூத் என்ற இரு சகோதரர்கள், பட்டத்தின் மாஞ்சா நூலால் சிறகு அறுந்து விழும் பருந்துகளுக்குச் சிகிச்சையளித்து வருகின்றனர். ஷவ்னக் சென் இயக்கிய "ஓல் தட் ப்ரீத்ஸ்" என்ற 2022ஆம் ஆண்டு ஆவணப்படம் இவர்களைப் பற்றியதே. அது ஒஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. உணவு கொடுப்பதோடு நின்றுவிடாமல், விழுந்தால் தூக்கிவிடவும் அங்கே சிலர் இருக்கின்றார்கள் என்பது நாம் கவனிக்க வேண்டிய விடயமாகும்.

படத்துக்காக வைக்கப்படும் இரை

படத்துக்காகவே உணவு வைப்பதன் மிக மோசமான வடிவம் உயிருள்ள இரையை வைப்பதாகும். வட அமெரிக்காவில் குளிர்காலத்தில் வெள்ளை ஆந்தை பாய்ந்து வரும் காட்சியை எடுப்பதற்காகச் சிலர் கடையில் வாங்கிய எலியைப் பனியில் விடுகின்றனர். ஓரிரு தடவைகளில் ஆந்தை மனிதரையும் வாகனத்தையும் உணவோடு சேர்த்து நினைக்கப் பழகிவிடுகின்றது. பிறகு வீதியோரமாகவே சுற்றி வாகனங்களில் அடிபடும் அபாயம் ஏற்படுகின்றது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் உயிருள்ள இரையைப் பயன்படுத்தி எடுத்த படங்கள் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது எடுக்கப்பட்ட முறை கேட்கப்படுகின்றது. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்ற அடிப்படையில் வளர்ந்த நமக்கு இது புதிய செய்தி அல்லவே!

இரண்டு முன்மாதிரிகள்

சென்னை இராயப்பேட்டையில் ஜோசப் சேகர் என்பவர் வசித்து வந்தார். கெமரா திருத்துவதே அவரது தொழில். பழைய கெமராக்களைச் சேகரிப்பவரும்கூட. பல ஆண்டுகளாகத் தன் வீட்டு மேல்தளத்தில் பலகைகளை அடுக்கி, அவற்றில் ஊறவைத்த அரிசியைக் காலையும் மாலையும் வைத்து வந்தார். ஆயிரக்கணக்கான பச்சைக் கிளிகள் வந்து வரிசையாக அமர்ந்து உண்டன. அக்காட்சியைப் படம் எடுக்கப் பலர் தேடி வந்தனர். ஆனால் அவர் அரிசி வைத்தது படத்துக்காக அல்ல. தன் வருமானத்தில் கணிசமான பங்கை அரிசிக்கே செலவழித்தார். கிளிகள் தன்னை நம்பி வருவதால் வெளியூர்ப் பயணங்களையும் தவிர்த்தார். வீடு நிறையக் கெமரா வைத்திருந்த ஒருவருக்கு முதலில் தெரிந்தது கிளியின் பசிதான்.

இரண்டாவது முன்மாதிரி நம் நாட்டவர். 1995இல் கித்துல்கல காட்டில் தீபால் வரகாகொட என்ற பறவை ஆய்வாளர் இரவில் ஒரு குரலைக் கேட்டார். அவர் அறிந்த எந்தப் பறவையின் குரலும் அதுவன்று. அக்குரலுக்குரியதைத் தேடி அவர் காத்திருந்தார். 2001 ஜனவரி மாதம் சிங்கராஜ வனத்தில் அதைக் கண்ணால் கண்டார். அது உலகம் அதுவரை அறியாத ஒரு சிறிய ஆந்தை! 2004இல் விஞ்ஞானப் பெயர் சூட்டப்பட்ட அந்த ஆந்தை பின்னர் நமது 20 ரூபாய்த் தாளிலும் இடம்பெற்றது. ஒரு குரலின் பின்னால் ஏறத்தாழ ஆறு வருடங்கள்! நான் மூன்று நாட்களில் பொறுமை இழந்தவள் என்பதை நினைத்து வெட்கப்பட்டேன்.

அப்படியானால் உணவே வைக்கக் கூடாதா?

அவ்வாறு நான் கூறவில்லை. ஒருவர் நட்ட மரத்தில் இருந்தோ, விதைத்த பயிரில் இருந்தோ பறவை உண்டால் அதுவும் அவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழி. இந்த ஹதீஸில் எனக்கு மிகவும் பிடித்தது, அது மரத்தில் இருந்து தொடங்குவதுதான். மரம் தட்டைப் போலன்று. அது உணவும் தரும், நிழலும் தரும், கூட்டை மறைக்க இலையும் தரும். நான் வெட்டியதும் அந்த இலையைத்தானே!

ஆகவே பல்கனி மட்டுமே உள்ள நம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடியவற்றை, நான் படித்தும் செய்து பார்த்தும் அறிந்த அளவில் கீழே தருகின்றேன்.

1. முதலில் செடி வையுங்கள். செவ்வரத்தையும் இக்ஸோராவும் சாடியிலேயே நன்கு பூக்கும். தேன்சிட்டுக்குச் சீனித் தண்ணீரை விட அவையே சிறந்தவை. முற்றம் உள்ளவர்கள் ஜேம் பழ மரமோ கொய்யாவோ நடலாம். பூச்சிமருந்து அடிக்க வேண்டாம். பெரும்பாலான சிறு பறவைகள் தம் குஞ்சுகளுக்கு ஊட்டுவது பூச்சிகளையே.

2. தண்ணீர் வையுங்கள். வெயில் காலத்தில் உணவை விடத் தண்ணீரே அதிகப் பறவைகளை வரவழைக்கும். அகலமான, இரண்டு விரல் ஆழமுள்ள மண் தட்டு போதும். ஆனால் இது கொழும்பு என்பதை மறக்கக் கூடாது. டெங்கு நுளம்பு இத்தகைய தண்ணீரில்தான் முட்டையிடும். தினமும் தண்ணீரை ஊற்றிவிட்டு, தட்டின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நுளம்பின் முட்டைகள் ஓரத்தில் ஒட்டியிருக்கும் என்பதால் தண்ணீரை மாற்றுவது மட்டும் போதாது.

3. உணவு வைத்தால் கொஞ்சமாக, கனிந்த பப்பாசியோ வாழைப்பழமோ வையுங்கள். தானியம் என்றால் ஒரு கைப்பிடி அரிசி அல்லது குரக்கன். பாண், பிஸ்கட், உப்பு அல்லது எண்ணெய் சேர்ந்த மிச்சங்கள் வேண்டாம். அரை மணித்தியாலத்தில் முடியும் அளவே போதுமானது. மிஞ்சியதை எடுத்துவிட்டுத் தட்டைக் கழுவி வெயிலில் காய வையுங்கள்.

4. அருகில் கூடு இருந்தால் உணவு வைக்கவே வேண்டாம். கூட்டைப் படம் எடுக்கவும் வேண்டாம். இலையை விலக்காதீர்கள், பிளாஷ் அடிக்காதீர்கள். நாம் அடிக்கடி போய் நிற்கும் இடத்தைக் காகமும் கவனித்துக்கொண்டிருக்கும்.

5. காகங்கள் கூடத் தொடங்கினால் ஓரிரு கிழமைகளுக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

படம் எடுக்கும் முறை

தண்ணீர்த் தட்டுக்கு ஓர் அடி தூரத்தில் ஒரு காய்ந்த கிளையைக் கட்டி வையுங்கள். பெரும்பாலான பறவைகள் நேரே தட்டில் இறங்குவதில்லை. முதலில் அருகில் எங்காவது அமர்ந்து, ஆபத்து உண்டா என்று பார்த்த பின்னரே இறங்கும். அந்தக் கிளைக்கே கெமராவை முன்கூட்டிக் குவித்து வைத்தால் தட்டு இல்லாத இயற்கையான படம் கிடைக்கும். காலை ஆறரை முதல் எட்டரை வரையான வெளிச்சம் மென்மையானது. அமர்ந்திருக்கும் பறவைக்கு ஒரு செக்கனின் 250இல் ஒரு பங்கு வேகமும், பறக்கும் பறவைக்கு 1000இல் ஒரு பங்கு வேகமும் பொதுவாக ஏற்றவை. தொலைபேசியாக இருந்தால் அதை ஒரு தாங்கியில் நிறுத்திவிட்டு, இயர்போனின் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தித் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தே படம் எடுக்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது பறவையின் மொழியை வாசிப்பது. உண்பதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால், வாலை அடித்துக் கத்தினால், கூட்டுக்குப் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தால், நாம் மிக அருகில் இருக்கின்றோம் என்பதே பொருள். உடனே பின்வாங்க வேண்டும்.

உணவு எதுவும் இல்லாமலே படம் எடுக்கவும் நம் நகரத்தில் இடங்கள் உண்டு. 2018இல் உலகில் முதன்முதலாக ராம்சார் ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. கோட்டேயில் பெத்தகான, தலவத்துகொடையில் தியசரு ஆகிய ஈரநிலப் பூங்காக்களில் பறவைகள் மனிதர்கள் நடமாடுவதற்குப் பழகியுள்ளன. 1990இல் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில அத்திடிய வெள்ளவத்தையில் இருந்து அதிக தூரமில்லை. அவ்வளவு ஏன், காலி வீதிப் பாலத்தில் நின்று வெள்ளவத்தைக் கால்வாயைப் பாருங்கள். மடையானும் மீன்கொத்தியும் நீர்க்காகமும் அங்கே தம் உணவைத் தாமே தேடிக்கொண்டிருக்கும். நாளாந்தம் அப்பாலத்தைக் கடந்து பாடசாலைக்கு வந்த நான், ஒரு நாளாவது நின்று பார்த்தேனா என்றால், இல்லை.

முடிவாக

இப்போது எங்கள் பல்கனியில் இரண்டு செவ்வரத்தைச் சாடிகளும் ஒரு மண் தட்டும் இருக்கின்றன. வெட்டிய கொடி மீண்டும் தழைத்துவிட்டது. தட்டைக் கழுவுவது என் வேலை. பரீட்சை நாட்களிலும் அதைத் தவறவிட்டதில்லை. கொண்டைக்குருவிகள் சோடியாகக் குளிக்க வருகின்றன. அவற்றின் படங்கள் சில என்னிடம் உள்ளன. இவ்வருடம் ஒரு தேன்சிட்டு செவ்வரத்தைப் பூவுக்கு வரத் தொடங்கியது. சில கிழமைகளில் கம்பியில் சிலந்தி வலையும் நாருமாக ஏதோ தொங்கியது. சென்ற வருடக் குருவிதானா என்று எனக்குத் தெரியாது.

இம்முறை நான் பல்கனிக் கதவை அடைத்துவிட்டு உள்ளேயே இருந்தேன். கண்ணாடிக்கு இப்பால் நின்று உம்மும்மாவும் நானும் பார்த்தோம். ஒரு நாள் இரண்டு சிறு அலகுகள் வாசலில் தெரிந்தன. பிறகு ஒரு காலை கூடு வெறுமையாக இருந்தது, கிழியாமல், முழுதாக.

அதனால்தான் இக்கட்டுரையோடு தேன்சிட்டின் படம் எதுவும் இல்லை. நாம் வைக்கும் ஒவ்வொரு பிடி உணவுக்கும் பின்னால் இருக்கும் நிய்யத்தை வல்ல இறைவன் சீராக்கி வைப்பானாக. ஆமீன்.